முதலாளியைக் கழித்து ஒரு கிலோ

அந்தத் தெருவில் போய் ஆணிக்கடை எங்கே என்று கேட்டால், "பூனை படுத்திருக்குமே, அந்தக் கடையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். ஆணிக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம் என்று முழிக்க வேண்டாம். உள்ளே போய் ஒரு கிலோ ரெண்டு இஞ்ச் ஆணி கேட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் தகர டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் நெற்றியிலும் உள்ளே இருக்கும் சரக்கில் ஒன்று கம்பியில் கட்டித் தொங்கும். கீல் டப்பாவில் கீல், தாழ்ப்பாள் டப்பாவில் தாழ்ப்பாள். பேர் தெரியாதவர்கள் விரலை நீட்டினால் போதும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மேடைத் தராசு, கடிகாரம் மாதிரி வட்ட முகமும் சிவப்பு முள்ளுமாக. அந்தத் தராசுத் தட்டில்தான் முதலாளி படுத்திருப்பார்.

முதலாளி என்பது பூனை. சாம்பல் நிறம், வலது காதில் ஒரு கிழிசல், எவனையும் மதிக்காத மூஞ்சி. கடையை நடத்துவது ஆணியக்கா. வயது ஐம்பத்தெட்டு. அவரைவிடப் பெரியவர்கள்கூட ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. "ஆணி விக்கிறவளை ஆணின்னு சொல்லாம பஞ்சுன்னா சொல்லுவாங்க?" என்பார்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் சரக்கு வந்த அட்டைப்பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஆணியக்காவின் வீட்டுக்காரர் பெட்டியைப் பிரித்தார். போல்ட்டுகளுக்கு நடுவே ஒரு குட்டி. மனுஷன் ஆணிக்கடைக்காரர் ஆயிற்றே, தூக்கினார், தராசில் வைத்தார். "முன்னூத்தம்பது கிராம். இதை எந்த டப்பாவுல போடறது?" என்று மனைவியைக் கேட்டார். போட டப்பா கிடைக்கவில்லை. குட்டி தராசே தன் வீடு என்று முடிவு பண்ணிவிட்டது. இறக்கிவிட்டால், திரும்பிப் பார்ப்பதற்குள் மேலே இருக்கும். வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், இவர்கள் இரண்டு பேரும் பூனையை இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. எட்டாம் நாள் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

"தூங்கறவரை எதுக்கு எழுப்பிக்கிட்டு? கழிச்சுக்கலாம் விடு."

அதிலிருந்து அதுதான் கடையின் சட்டம். ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி காலையில், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், முதலாளியைத் தனியாக நிறுக்க வேண்டும். தராசுக்குப் பின்னால் இருக்கும் சுவரில், மரவேலைக்காரர்கள் காதில் செருகுகிற பட்டைப் பென்சிலால் அந்த எடையை எழுத வேண்டும். அந்த மாசம் முழுக்க அதுதான் கணக்கு. ஆணியைப் பையில் கட்டி முதலாளியின் வயிற்றோரமாக வைத்து, முள் காட்டுவதில் முதலாளியைக் கழித்தால் மீதி ஆணி. சந்தேகம் இருப்பவர்கள் முதலாளியை இறக்கிவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு எலெக்ட்ரீஷியன் சரிபார்த்தார். கையில் மூன்று கீறலோடு, எடை சரியாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு போனார்.

நடுவில் ஒருநாள் எலெக்ட்ரானிக் தராசு விற்கிற ஆள் ஒருத்தர் டை கட்டிக்கொண்டு வந்தார். "சார், நீங்க கழிக்கவே வேணாம். இந்தப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினா பூனை காணாமப் போயிடும்" என்றார்.

வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "பூனையை எதுக்குய்யா காணாமப் போக்கணும்? அது என்ன பண்ணிச்சு உன்னை?"

டைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அந்த வீட்டுக்காரரும் நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவளுக்கு. அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று ஸ்டூடியோவில் கொடுத்தாள். ஸ்டூடியோக்காரருக்கு ஆர்வம் கொஞ்சம் அதிகம். இடது கன்னத்து மச்சத்தை எடுத்துவிட்டார். கலைந்த முடியை வாரிவிட்டார். ஜென்மத்தில் போட்டிராத ஒரு கோட்டை வேறு மாட்டிவிட்டார். படத்தைப் பிரித்ததும் ஆணியக்கா, "யாருடி இந்த சார்?" என்று கேட்டுவிட்டார். மகள் அழுதுவிட்டாள். அதனால் படம் கல்லாவுக்கு மேலே ஏறியது. தினமும் ஷட்டரைத் தூக்கியதும் ஆணியக்கா அண்ணாந்து பார்த்து "வணக்கம் சார்" என்பார். அழுகை வந்தால்கூட அந்த சாருக்கு முன்னால் அழக் கூச்சமாக இருந்தது.

ஆனால் சுவர் இருந்தது. சுவரில் பத்து வருஷத்து எண்கள் வீட்டுக்காரர் கையால் எழுதியவை. மழையில் சாய்ந்த கம்பம் மாதிரி எல்லா எண்களும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். சைபருக்குள் ஒரு கோடு இழுப்பார். அதற்குக் கீழே நாலு வருஷமாக ஆணியக்காவின் குண்டு எழுத்து. ஒண்ணாம் தேதி காலையில் முதலாளியை நிறுத்து, அவர் எழுத்துக்குக் கீழே தன் எழுத்தை எழுதும்போது மட்டும், பக்கத்தில் நின்று அவர் எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், பூனையை நிறுத்துப் புருஷனை நினைக்கிறாளா என்று சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான் என்று அவருக்கும் தெரியும்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வாடிக்கையாக வருகிற மரவேலை மேஸ்திரி ஒரு கிலோ ஆணி கேட்டார். ஆணியக்கா பையை வயிற்றோரம் வைத்தார். வழக்கமாக, இடம் விடுகிற மாதிரி வாலை மட்டும் நகர்த்துவார் முதலாளி. அன்றைக்கு நகர்த்தவில்லை. முள் சரியாக நாலு கிலோ நானூறில் நின்றது. உயிரோடு இருந்தபோது மூணு கிலோ நானூறு. இப்போதும் மூணு கிலோ நானூறு. முள்ளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மேஸ்திரியும் பக்கத்துத் தையல்காரரும் சேர்ந்து கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கம் குழி தோண்டினார்கள். மண் அங்கேதான் இளகியிருந்தது. "உசுரோட இருந்திருந்தா குழாய்ப் பக்கமே வந்திருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். பிறகு, சும்மா இருக்க முடியாமல், ஒரு அட்டையில் "முதலாளி மறைந்தார். கடை நாளை உண்டு" என்று எழுதி ஷட்டரில் ஒட்டினார். மறுநாள் தெரியாத இரண்டு பேர் உள்ளே வந்து துக்கம் கேட்டார்கள்.

"எப்படிம்மா, திடீர்னா?"

"தூக்கத்துலயே."

"குடுத்து வெச்ச மனுஷன்."

ஆணியக்கா மறுக்கவில்லை.

அழவும் இல்லை. கடையைத் திறந்தார், டப்பாக்களைத் துடைத்தார், வியாபாரத்தைப் பார்த்தார். வியாபாரம் பிரமாதமாக நடந்தது. இவ்வளவு கூட்டம் அந்தக் கடை பார்த்ததே இல்லை. எல்லாரும் அரைக் கிலோதான் கேட்டார்கள். காலையில் வந்தவரே சாயங்காலமும் வந்தார். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காத ஆட்கள் எல்லாம் வந்தார்கள். "ஊர்ல எல்லாரும் வீடு கட்டறாங்க போல" என்று ஆணியக்கா சந்தோஷப்பட்டார். ஒரே குறை, பைகள்தான். "இப்பல்லாம் பையை ரொம்பச் சின்னதாப் பண்றானுங்க. அரைக் கிலோ பைல அரைக் கிலோவே கொள்ள மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே பெரிய பையில் கட்டிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் மேஸ்திரி, தோளில் ஒரு மூட்டையோடு வந்தார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ரெண்டு கிலோ கேட்டேன். தூக்கிட்டுப் போறதுக்குள்ள தோள் கழண்டுடுச்சு, சைக்கிள் டயரும் வெடிச்சுடுச்சு."

"வயசாகுதுல்ல உனக்கு."

"எனக்கு வயசாகுது சரி. சைக்கிளுக்குமா?"

அந்த நேரம் பார்த்து மகள் கடைக்குள் வந்தாள். ரெண்டு இஞ்ச் ஆணி டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். அடித்தகரம் பளபளத்தது. அம்மாவைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு கிலோ போடு."

"உனக்கு எதுக்குடி ஆணி?"

"போடேன்."

ஆணியக்கா அள்ளினார், கொட்டினார், முள்ளைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் கொட்டினார். முள் நாலு நானூறுக்கு வந்ததும் கையை எடுத்தார். "இந்தா. ஒரு கிலோ."

"தட்டுல யாரும்மா இருக்கா?"

ஆணியக்கா அப்போதுதான் முள்ளை விட்டுத் தட்டைப் பார்த்தார். பையைத் தவிர யாரும் இல்லை.

தன் மூட்டையைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மேஸ்திரி நின்றார். மகள்தான் முதலில் வாய் திறந்தாள். குரல் கோபமாக ஆரம்பித்துப் பாதியில் இளகியது. "போதும்மா. கடையை யாருக்காவது விட்டுட்டு எங்க கூட வந்துடு. மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்றார்."

"உங்க வீட்ல நான் என்ன பண்றது? உன் மாமியாரை நிறுத்துக்கிட்டு உக்காரவா?"

"விளையாடாத. ஒண்ணாம் தேதி வரைக்கும் பாப்பேன். வந்து நானே நிறுத்துப் பாப்பேன். அப்பவும் இப்படித்தான்னா கடை வேணாம். சரியா?"

"சரி" என்றார் ஆணியக்கா. முப்பத்திரண்டு வருஷமாக அவர் நிற்கிற கடை இது. இந்தத் தகர வாசனையை விட்டுவிட்டு, ஒருத்தர் வீட்டு சோபாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எப்படி உட்கார்வது?

ஒண்ணாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

மகள் சும்மா மிரட்டிவிட்டுப் போகிறவள் இல்லை. மறுநாளே புது எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி அனுப்பினாள், பழசுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி. ஆணியக்கா உண்மையாகவே முயற்சி பண்ணினார். புதுத் தராசு ஒரு கிலோ என்று பச்சை விளக்கில் காட்டும். பையைப் பார்ப்பார். என்ன இது, பிச்சை போட்ட மாதிரி? ஏமாற்றுகிற மாதிரி இருக்கும். கை தானாக இன்னொரு அள்ளு அள்ளும். பழைய தராசில் "முதலாளி இல்லை" என்று சீட்டு எழுதித் தொங்கவிட்டுப் பார்த்தார். சீட்டைக் கண் படித்தது, கை படிக்கவில்லை. இத்தனை வருஷமும் முதலாளியைக் கழித்துத்தான் ஒரு கிலோ. கழிக்காமல் ஒரு கிலோ என்று சொல்ல வாய் வரவில்லை.

மகளுக்கு வேறொரு யோசனையும் இருந்தது. அம்மா முதலாளியை மறக்க முடியாமல் தவிக்கிறாள், ஞாபகமாக ஏதாவது கையில் கொடுத்தால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தாள். முதலில் முதலாளியின் படம் அச்சடித்த ஒரு கப் வந்தது. ஆணியக்கா அதில் ஒரு தடவை டீ குடித்தார். "அவர் மூஞ்சில வாயை வெச்சா அவருக்கே பிடிக்காதே" என்று கப்பைக் கவிழ்த்து வைத்தார். அடுத்தது, முதலாளியின் மண் பொம்மை. போட்டோவைப் பார்த்துச் செய்ததாம். காது இரண்டும் முழுசாக, கன்னம் உப்பிப்போய், வாயில் ஒரு சிரிப்பு.

தையல்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, பன்னிக்குட்டி நல்லா இருக்கு. காசு போட ஓட்டை எங்க?"

"வாயை மூடு. பாவம், ஆசையா வாங்கியிருக்கா."

ஆனால் அந்தப் பன்னிக்குட்டிதான் வழி காட்டியது. கல்லா மேஜையைத் துடைப்பதற்காக ஆணியக்கா பொம்மையைத் தூக்கிப் பழைய தராசில் வைத்தார். முள் ஒரு கிலோ நூறுக்கு ஓடியது. அதற்குள் யாரோ அரைக் கிலோ ஆணி கேட்க, பொம்மையை இறக்காமலே பையைப் பக்கத்தில் வைத்துக் கொட்ட ஆரம்பித்தார். கை அமைதியாக இருந்தது. பதினைந்து நாளில் முதல் தடவையாகக் கை தடுமாறவில்லை. தட்டில் யாரோ இருக்கிறார்கள், கழிக்க வேண்டும். அவ்வளவுதான் கைக்கு வேண்டியது. ஆனால் பழக்கத்தில் கழித்தது மூணு நானூறு. பொம்மை மெலிந்த ஆள். அதனால் அந்த வாடிக்கையாளரும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

ஆணியக்கா துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டுத் தையல்கடைக்கு ஓடினார்.

"தம்பி, ஒரு பை தைக்கணும். நீளமா. கெட்டித் துணியா இருக்கணும்."

"எதுக்கு?"

"முதலாளிக்கு."

தையல்காரர் கிண்டல் செய்ய வாயைத் திறந்தார், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மிஷினுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையை இழுத்தார். அடியில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பிரித்தால், நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. ஆணியக்காவின் வீட்டுக்காரருடையது.

"அண்ணன், தேஞ்ச காலரைத் திருப்பித் தைக்கக் குடுத்தது" என்றார் தையல்காரர், மிஷினைப் பார்த்தபடி. "திருப்பிட்டேன். குடுக்கலாம்னு வந்த அன்னைக்குத்தான் உங்க வீட்டு வாசல்ல கூட்டம். காலர் நல்லா வந்திருக்குன்னு அந்த நேரத்துல எப்படிக்கா சொல்றது? அப்புறம் ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் குடுக்கவே வெக்கமாப் போச்சு."

"நாலு வருஷமாவாடா வெச்சிருந்த?"

"அந்துருண்டை போட்டுத்தான் வெச்சிருந்தேன்."

ஆணியக்கா காலரைத் தடவிப் பார்த்தார். சட்டையின் பையில் ஏதோ கெட்டியாக இருந்தது. எடுத்தார். தேய்ந்துபோன ஒரு துண்டுப் பட்டைப் பென்சில், பல் பதிந்த தடத்தோடு. யோசிக்கும்போது பென்சிலைக் கடிப்பது அவர் பழக்கம். ஸ்டூடியோக்காரர் கையில் சிக்காத ஆள் அப்படியே முழுசாக அந்தப் பென்சிலில் இருந்தார். ஆணியக்கா தையல்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, சாருக்கு முன்னால் நாலு வருஷமாக அழாத அழுகை முழுவதையும் அழுதார். தையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மிஷினை ஓட்டினார். நூல் கோக்காத மிஷின் அது பாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆணியக்கா சொன்னார்: "கையை மட்டும் வெட்டு. ரெண்டு கையையும் சேத்து ஒரே பையாத் தெச்சுடு. மிச்சம் அரைக்கைச் சட்டையா எனக்கு ஆகும்."

பைக்குள் எதைப் போடுவது? ஆணி குத்தும். போல்ட் முட்டிக்கொண்டு நிற்கும். வாஷர்தான் சரி, தட்டையாக, வழுவழுவென்று, ஒன்றன்மேல் ஒன்று சரியும். பையைத் தட்டில் வைத்து வாஷரைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார். மூணு கிலோ தாண்டியதும் ஒவ்வொன்றாகப் போட்டார். முள் மூணு நானூறைத் தொட்டதும் நிறுத்தினார். வாயைத் தைத்து முடித்தபின் மறுபடி நிறுத்தால், முள் நூல் அளவுகூடப் பிசகவில்லை. பையைத் தூக்கி வைக்கும்போது உள்ளே வாஷர்கள் சரிந்து "கர்ர்ர்" என்றது.

"அக்கா, பேசறாரு!" என்றார் தையல்காரர்.

"நீ பேசாம இரு."

ஒண்ணாம் தேதி காலையில் மகள் வந்தபோது, அம்மா கை வெட்டிய நீலக் கோட்டுச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு கல்லாவில் நின்றார். தராசில் அதே துணியில் நீளமாக ஏதோ சுருண்டு கிடந்தது. அது அப்பாவின் சட்டை என்று மகளுக்குத் தெரிந்தது.

"ஒரு கிலோ போடும்மா."

ஆணியக்கா பையை அதன் வயிற்றோரம் வைத்தார், கொட்டினார். நாலு நானூறு. கையை எடுத்தார். மகள் பையைத் தூக்கிப் புதுத் தராசில் வைத்தாள். பச்சை விளக்கில் சரியாக ஒரு கிலோ. மறுபடி கேட்டாள், அரைக் கிலோ. சரி. ரெண்டே முக்கால் கிலோ. அதுவும் சரி. மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"அது சரிம்மா, சும்மா கெடக்கற வாஷரைத் தராசுல ஏத்தி வெச்சு, அப்புறம் அதையே கழிக்கிறதுக்கு என்ன பேரு?"

"முதலாளின்னு பேரு."

"பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டு ஆணி வாங்கிட்டுப் போகட்டும்."

மகள் சிரித்துவிட்டாள். கடையை விடுகிற பேச்சு அந்தச் சிரிப்போடு போனது, திரும்பி வரவில்லை. ஆணியக்கா முதலாளியைத் தனியாக நிறுத்தார். பல் பதிந்த பென்சிலை எடுத்து, கடைசி எண்ணுக்குக் கீழே புது மாசத்து எடையை எழுதினார். மகள் சுவருக்குப் பக்கத்தில் வந்து, சைபருக்குள் கோடு போட்ட எண்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணை அப்பாவின் எழுத்து முடிகிற இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"அந்தப் பென்சிலைக் குடு" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். "மச்சம் எந்தப் பக்கம், இடதுதானே?"

"இடது. மூக்குக்குக் கொஞ்சம் கீழ."

அப்பா படத்துக் கண்ணாடி மேல் பென்சில் வழுக்கியது. மூன்று தடவை அழுத்திச் சுழற்றியபின் ஒரு கறுப்புப் பொட்டு நின்றது. கோட்டுப் போட்ட சாருக்கு அதோடு கொஞ்சம் ஜாடை வந்துவிட்டது.

வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தார், பெரிய சாக்குப்பையோடு. "அரைக் கிலோ ஆணி" என்றார் ஆசையாக. ஆணியக்கா நிறுத்து, கட்டி, கையில் கொடுத்தார். அவர் பையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, குறையுதே?"

"குறையலை. முதலாளி வந்துட்டாரு" என்றார் ஆணியக்கா.